போயிட்டு வர்ற பாஸ்போட்

முருகன் பேரைச் சொல்லி, பத்திரிகைக்காக இந்தக் கிழமையும் பேனாவைப் பிடிக்கிறேன். போன கிழமை ஸ்டோரைப் பற்றி, அதாவது எங்கள் தேயிலைத் தொழிற்சாலையைப் பற்றி எழுதும்போது, 'என் மகள் ஜெர்மனி போயிருந்த சமயம்' என்று போகிற போக்கில் ஒரு வரி விட்டிருந்தேன். அதைப் படித்த நாளிலிருந்து என் மனைவி அமிர்தம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

"கொழுந்து வாட்டுறதுக்கு ரெண்டு பக்கம். பெத்த புள்ள பிளேன்ல போனதுக்கு ஒரு வரியா?"

நியாயமான கேள்வி. ஆகையால் இந்தக் கிழமை முழுக்க அந்தக் கதைதான்.

அதை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வருவது பிளேன் இல்லை. பதுளை ஸ்டேஷன்தான். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கூரை ஓரத்தில் சொட்டு நிற்கவில்லை. தண்டவாளத்துக் கல்லில் எண்ணெயும் ஈரமும் கலந்த ஒரு வாடை. எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் நாற்பது பேர் மேடையில் நெருக்கி நிற்கிறோம். அமிர்தம் கையில் ஆரத்தித் தட்டு. தண்டவாளத்தை எட்டி எட்டிப் பார்த்ததில் மஞ்சள் தண்ணீரில் பாதி அவள் சேலையில்தான் இருந்தது.

கோச்சி வரவில்லை. தெமோதரைப் பக்கம் மண் சரிந்திருக்கிறதாம், ஒரு மணி நேரம் பிந்தும் என்றார்கள்.

என் கூட்டாளி செல்லையா, ஸ்டோரில் எனக்குப் பக்கத்து மெசினில் நிற்பவன், தோளில் தப்பைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் காதருகே வந்தான்.

"வேலு, எந்த அடி அடிக்கட்டும்?"

"எந்த அடின்னா?"

"சாவுக்கு ஒரு அடி இருக்கு. கல்யாணத்துக்கு இருக்கு. சாமிக்கு இருக்கு. போன ஆளு திரும்பி வர்றதுக்கு எங்கப்பன் எனக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கலியே."

சிரிப்பதற்காகத்தான் கேட்டான். நானும் சிரித்தேன். ஆனால் அவன் கேட்டது உண்மையான கேள்வி. அந்த மேடையில் எங்கள் தோட்டத்துச் சனம் அதுவரை ஒருத்தரைக்கூட வரவேற்றதில்லை.

அழுகிறதுக்கான இடம்

இளம் பிள்ளைகளுக்கு இது தெரியாது, ஆகையால் சொல்கிறேன். அப்போது தோட்டங்கள் இன்னும் கம்பெனிக்காரர் கையில் இருந்தன. இரண்டு நாட்டு அரசாங்கமும் பேசி முடித்து எங்களைப் பங்கு பிரித்திருந்த காலம். இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே. கிழமைக்கு ஒரு குடும்பமாவது கிளம்பும். கோழியை, ஆட்டுரலை, செம்பை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். மாரியம்மன் வாசலில் தேங்காய் உடைப்பார்கள். ஒரு தகரப் பெட்டி, இரண்டு பாய்ச்சுருள். பசறை வீதியில் பஸ் ஏறிப் பதுளைக்கு வந்து, இதே மேடையில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறுவார்கள். தலைமன்னார் வரைக்கும் கோச்சி. அங்கிருந்து கப்பல்.

கோச்சி நகரும்போது எங்கள் பெண்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான். போனவர்கள் யாரும் திரும்பியதில்லை. ஒன்றிரண்டு பேர் கடிதம் போட்டார்கள். பிறகு அதுவும் நின்றுபோகும்.

என் அக்கா பாக்கியத்தின் ஒரே மகன் பொன்னையா அப்படித்தான் போனான். பெண்சாதி வீட்டாருக்கு இந்தியா என்று முடிவானதால் அவளோடு சேர்ந்து அவனும் போனான். ஆறு வருடமாக ஒரு வரி வரவில்லை. அக்கா அவனைப் பற்றிப் பேசமாட்டாள். ஆனால் தோட்டத்தில் யார் கிளம்பினாலும் ஸ்டேஷனுக்கு வந்து முதலில் குரல் எடுப்பது அவள்தான். அவள் ஒப்பாரியைக் கேட்டுக் கோச்சிக் கார்டுகூடக் கொடியை இறக்கிவைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

பத்துப் பேரில் ஒருத்தி

கொழும்பிலிருந்து ஒரு தேயிலைக் கம்பெனிக்காரர் எங்கள் தோட்டத் துரையோடு மலைக்கு வந்தார். ஜெர்மனியில் மூன்று பட்டணத்தில் கண்காட்சி வைக்கிறார்களாம். அங்கே தொட்டியில் தேயிலைச் செடி வைத்து, உண்மையாகவே தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு பெண்ணைக் கொண்டுபோய்க் கொழுந்து கிள்ளிக் காட்டவேண்டுமாம். மூன்று மாதம். கம்பெனி நோனா ஒருவர், அதாவது ஒரு அம்மணி, கூடவே இருப்பார்.

என் மகள் சரோஜாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. பெருமைக்காகப் பொய் சொல்லக் கூடாது. கிள்ளுவதில் அவளைவிடக் கெட்டிக்காரிகள் எங்கள் மலையில் பத்துப் பேர் இருந்தார்கள். ஆனால் அந்தப் பத்துப் பேரும் எந்த நாட்டுக்காரர் என்று இன்னும் முடிவாகாதவர்கள். என் தகப்பனார் பழைய காலத்திலேயே மனுப் போட்டு, அலைந்து, எங்கள் குடும்பத்துக்கு இலங்கைப் பிரஜாவுரிமைப் பத்திரம் வாங்கிவைத்திருந்தார். பாஸ்போட் எடுக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். அப்பனுடைய புண்ணியம்.

பாஸ்போட் வந்த அன்று லயமே எங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் கூடிவிட்டது. அக்கா பாக்கியம் அதைக் கையில் வாங்கி, படத்தைப் பார்த்து, முத்திரையைத் தடவிப் பார்த்தாள். எங்கள் சனத்துக்கு அதுவரை பாஸ்போட் என்றால் ஒரே அர்த்தம்தான். படம் ஒட்டி, முத்திரை குத்தி வந்தால் பெட்டியைக் கட்டவேண்டும்.

"இதுவும் அதே மாதிரிதான் இருக்கு," என்றாள்.

"இல்ல அத்தை," என்றாள் சரோஜா. "அது போற பாஸ்போட். இது போயிட்டு வர்ற பாஸ்போட்."

"எங்க எழுதியிருக்கு அப்படின்னு? காட்டு பாப்போம்."

சரோஜா புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்புவரை படித்த நானும் பார்த்தேன். அப்படி ஒரு வரி எங்களுக்கு அகப்படவில்லை. அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நீதான் சரின்னு கையெழுத்துப் போட்டியாம். புள்ள திரும்பி வருமா?"

"வருவா அக்கா. நான் பொறுப்பு."

நாற்பது பேருக்கு முன்னால் சொன்னேன். அமிர்தம் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் தலையில் பூ வைக்கவில்லை. என்ன நேர்த்தி என்று நான் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை.

அந்தப் பக்கமாத்தானே போவுது

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு வேடிக்கை நடந்தது. ஒவ்வொருவராக வந்து சரோஜாவிடம் கடிதம் கொடுக்கத் தொடங்கினார்கள். எல்லாம் இந்தியாவுக்குப் போனவர்களுக்கு. மண்டபம் முகாமில் இறங்கியவர்களுக்கு, நீலகிரிக்குப் போனவர்களுக்கு, எங்கே போனார்கள் என்றே தெரியாதவர்களுக்கு.

"நான் இந்தியாவுக்குப் போகலியே," என்றாள் சரோஜா.

"பிளேன் அந்தப் பக்கமாத்தானே போவுது," என்றான் செல்லையா. "எறங்குற எடத்துல குடுத்துட்டுப் போ."

"அது பசறை பஸ்ஸா மாமா, மணியடிச்சு எறங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கடிதத்தையும் கொடுத்தார்கள். அவளும் மறுக்கவில்லை. பதினேழு கடிதம். கடைசியாக அக்கா வந்தாள். எழுதத் தெரியாததால் வாத்தியாரிடம் சொல்லி எழுதிக்கொண்டு வந்திருந்தாள். மேலே 'பொன்னையா, துறையூர்ப் பக்கம், திருச்சி' என்று மட்டும் இருந்தது. பிறகு யாரோ சொல்ல, மாமனார் பேரையும் அவர்கள் பூர்வீக ஊர்ப் பேரையும் கீழே சேர்க்கவைத்தாள்.

கிளம்பிய அன்று ஸ்டேஷனில் ஒப்பாரி வேண்டாம் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மூன்று மாதத்தில் வருகிற பிள்ளைக்கு அபசகுனம் என்றேன். சரி சரி என்றார்கள். கோச்சி ஊதியதும் அக்காவின் கை தானாக ஜன்னல் கம்பிக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு யார் பேச்சை யார் கேட்கிறார்கள்? சரோஜா உள்ளே உட்கார்ந்து அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல், "அத்தை, கையை எடுங்க, கோச்சி நகருது," என்று கத்தினாள்.

துறையூரிலிருந்து வந்த சேதி

முதல் மாதம் அவளிடமிருந்து கடிதமே இல்லை. தபால் கொண்டுவரும் ஆள் தோட்டத்துக் கந்தோரிலிருந்து, அதாவது ஆபீசிலிருந்து, இறங்கி வருகிற நேரத்துக்கு அமிர்தம் மலையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். அவர் தூரத்திலேயே கையை விரித்துவிடுவார். லயத்தில் பேச்சு மெதுவாக மாறத் தொடங்கியது. யாரும் எங்கள் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள்.

நான் ஒவ்வொரு வெள்ளியும் கோயிலில் விளக்குப் போட்டேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

பிறகு ஒரு நாள் அக்கா பாக்கியம் செருப்பில்லாத காலோடு ஸ்டோர் வாசலுக்கு ஓடி வந்தாள். கையில் நீல நிற இந்தியக் கடிதம்.

"படி தம்பி, படி. எம் மகன் போட்டிருக்கான்."

பொன்னையாதான். அவன் எழுதியிருந்தது இதுதான்: அவன் இரண்டு தடவை கடிதம் போட்டிருக்கிறான். அக்கா வேறு லயத்துக்கு மாறியதோ என்னவோ, பதில் இல்லை. அம்மா கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்து விட்டுவிட்டான். இப்போது திடீரென்று கோட்டை கொத்தளம் படம் போட்ட முத்திரையோடு ஜெர்மனியிலிருந்து ஒரு கடிதம் வந்து, ஊரே கூடிப் பார்த்ததாம். அம்மாவின் கடிதத்துக்குக் கீழே சரோஜா ஒரு வரி சேர்த்திருந்தாளாம்: 'மச்சான், நான் நல்ல சுகம். இங்கே குளிர்தான் அதிகம். அத்தைக்கு உடனே பதில் போடுங்கள்.'

நான் அந்த வரியை மறுபடி படித்தேன். நல்ல சுகம்.

அப்படித்தான் எங்கள் மகளின் சேதி எங்களுக்குக் கிடைத்தது. பதுளையிலிருந்து ஜெர்மனி போய், ஜெர்மனியிலிருந்து துறையூர் போய், அங்கிருந்து அக்காவின் கைக்கு வந்து. அமிர்தம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டு நின்றாள். நான் வேலையைப் போட்டுவிட்டு மேலே ஏறிப்போய்ச் சொன்னேன். அவள் கூடையை இறக்காமலே அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்தடுத்து இன்னும் ஏழு பேருக்குப் பதில் வந்தது. ஒரு கிழமை முழுக்க எங்கள் லயத்தில் ஒரே வாசிப்புத்தான். யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் வீடு கட்டினது, யார் செத்தது. அழுகையும் இருந்தது. ஆனாலும் தீபாவளி மாதிரி இருந்தது.

சரோஜா எங்களுக்குப் போட்ட கடிதங்கள் பிறகுதான் வந்தன, மூன்றும் ஒன்றாக. எங்கள் தோட்டத்துப் பேரிலேயே நுவரெலியாப் பக்கம் இன்னொரு தோட்டம் இருக்கிறது. அங்கே போய் ஓய்வெடுத்து வந்திருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு

அதன்பிறகு ஞாயிறு காலை கோயில் பூசை முடிந்ததும் எங்கள் வாசலில் கூட்டம். வாத்தியார் பள்ளிக்கூடத்து உலகப் படத்தைச் சுருட்டிக்கொண்டு வருவார். அதை என் கட்டிலின் மேல் விரிப்பார். கரப்பான் தின்ற இடம் நல்லவேளையாகக் கடலில்தான் இருந்தது. ஹம்பர்க், பிராங்பர்ட், ஸ்டுட்கார்ட் என்று விரலை வைத்துக் காட்டுவார்.

"எல்லா ஊர்ப் பேரும் இருமுற மாதிரியே இருக்கே," என்பான் செல்லையா. "அதான் குளிரு."

நான் கடிதத்தைச் சத்தமாகப் படிப்பேன். நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேள்வி வரும். அங்கே லயத்தில் ஒரு ஆளுக்கு எத்தனை காம்பரா? ஒரு நாளைக்கு எத்தனை றாத்தல் கொழுந்து எடுக்கச் சொல்கிறார்கள்? கங்காணி தமிழனா?

சரோஜா எழுதியதில் எல்லாருக்கும் பிடித்த இடம் ஒன்று உண்டு. எட்டுச் செடிதான் தொட்டியில் கொண்டுபோனார்களாம். சனம் வரும்போதெல்லாம் கிள்ளிக் காட்டச் சொன்னதில் பத்து நாளில் செடி மொட்டையாகிவிட்டது. குளிரில் துளிர்க்கவும் இல்லை. என்ன செய்வது? வேறு எங்கிருந்தோ இலை கொண்டுவந்து, ஒவ்வொன்றாகப் பச்சை நூலில் கட்டிவைத்து, அதைக் கிள்ளச் சொல்கிறார்களாம். 'காலையில் நானே கட்டுகிறேன், பகலில் நானே கிள்ளுகிறேன் அப்பா. வெள்ளைக்காரர் கை தட்டுகிறார்கள்.'

எங்கள் கங்காணி ஆறுமுகம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்:

"கட்டுனதக் கிள்ளுனா அது கிள்ளுறதில்ல, அவுக்கிறது. அரைப் பேருக்கு மேல போட முடியாது."

அரைப் பேர் என்றால் பாதி நாள் வேலைக் கணக்கு. அமிர்தம் அந்த மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

நான் படித்துக் காட்டாத கடிதம்

இனி எழுதப்போவது எனக்கும் சரோஜாவுக்கும் தவிர இத்தனை வருடமாக இங்கே யாருக்கும் தெரியாதது. அமிர்தத்திடம் நேற்றுத்தான் சொன்னேன். எழுது என்றாள்.

மூன்றாம் மாதத்தின் தொடக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. அதை ஸ்டோருக்குப் பின்னால் விறகு அடுக்கியிருக்கும் இடத்தில் தனியாக நின்று படித்தேன். கண்காட்சிக்குத் தினமும் வருகிற ஒரு அம்மாவுக்குச் சரோஜாவைப் பிடித்துப்போயிற்றாம். வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள். அவர்களைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கச் சொல்கிறார்களாம். கடுதாசி வேலையெல்லாம் தாங்களே செய்கிறார்களாம், படிக்கவும் வைக்கிறார்களாம். 'நோனா உங்களைக் கேட்கச் சொன்னார். என்ன செய்யட்டும் அப்பா?'

அதை மடித்துத் திருப்புகழ்ப் புத்தகத்துக்குள் வைத்தேன். அந்த ஞாயிறு, கடிதம் வரவில்லை என்று பொய் சொன்னேன். சாமி படத்துக்கு நேரே நின்று சொன்ன பொய்.

மூன்று நாள் யோசித்தேன். அது பாண் ரொட்டிக்கு வரிசையில் நிற்கிற காலம். மரவள்ளிக் கிழங்கும் தேங்காய்ச் சம்பலும்தான் சாப்பாடு. பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் ஐந்து பேர். மழைக்குக் கூரை ஒழுகும். திரும்பி வா என்று எதைக் காட்டிக் கூப்பிடுவது? எங்கள் சனத்தில் எவரையும் எங்கே இருக்க விருப்பம் என்று யாரும் கேட்டதில்லை. முதன்முதலாக ஒருத்தியைக் கேட்கிறார்கள். அவள் என் மகள். அதை நான் தடுக்கவா?

'உனக்கு எங்கே நல்லதென்று மனதில் படுகிறதோ அங்கே இரு. எங்களை நினைத்து முடிவு செய்யாதே. முருகன் துணை' என்று எழுதிப் பசறைத் தபால் கந்தோரில் போட்டேன்.

அதற்குப் பதில் வரவில்லை. கண்காட்சி ஆட்கள் புதன்கிழமை பகல் கோச்சியில் வருகிறார்கள் என்று கம்பெனி முன்கூட்டியே அனுப்பிய அறிவித்தல் மட்டும் கந்தோரில் இருந்தது. அதில் சரோஜா என்ற பேர் இல்லை. ஆட்கள் என்றுதான் இருந்தது.

அந்த மேடையில் நின்ற நாற்பது பேரில் அவள் வராமலும் போகலாம் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். வருவாள், நான் பொறுப்பு என்று சொன்னவனும் நான்தான்.

மூன்றாம் வகுப்பு வாசலில்

கோச்சி வந்தது. நாங்கள் எல்லாரும் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளோடு சேர்ந்து ஓடினோம். எங்களுக்குத் தெரிந்த பெட்டிகள் அவைதானே. கதவுகள் திறந்தன. ஹாலிஎலச் சந்தைக்குப் போய்வந்த வியாபாரிகள் இறங்கினார்கள். குடை பிடித்த ஒரு பிக்கு இறங்கினார். பிள்ளைகுட்டியோடு ஒரு சிங்களக் குடும்பம். ஒரு கிழவர், அவர் ஊன்றுகோல்.

பிறகு யாருமில்லை. செல்லையா உள்ளே ஏறி அந்தப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அமிர்தம் தட்டைப் பிடித்தபடியே நின்றாள். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அக்கா பாக்கியம் அந்த ஈரச் சிமெந்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"கடல தாண்டிப் போன கிளி… காடு மறந்து போச்சே…
கையெழுத்துப் போட்டனுப்பி… காவு குடுத்தானே…"

கையெழுத்துப் போட்டவன் நான்தான். பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரில் அடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். செல்லையாவின் விரல் தப்பில் மெதுவாகச் சாவு அடியை அடித்தது. அவன் வேண்டுமென்று அடிக்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். பிரேதம் எங்கே என்று தேடினார் போலிருக்கிறது.

எங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"அத்தை, யாரு செத்துட்டாங்க?"

அக்கா திரும்பவில்லை. ஒப்பாரி நடுவில் யாராவது கேட்டால் அழுதுகொண்டே பதில் சொல்வது வழக்கம்.

"எம் மருமகம்மா… எங்க சரோஜா வரலியேம்மா…"

"சரோஜாவா?"

"ஆமாம்மா… தங்கம் போல புள்ளம்மா…" என்று அடுத்த அடியை எடுத்தவள் பாதியில் நிறுத்தினாள்.

சிவப்பு நிறத்தில் முழங்கால்வரை ஒரு கம்பளிக் கோட்டு. கையில் பெரிய பெட்டி. கோட்டுக்குக் கீழே கிளம்பிய அன்று அமிர்தம் கட்டிவிட்ட அதே பச்சைச் சேலை. முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. சரோஜாதான்.

அக்கா எழுந்தாள். ஓடிப்போய்க் கட்டிப் பிடிப்பாள் என்று பார்த்தால், முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஏன்டி! ஒளிஞ்சு நின்னு வேடிக்கையா பாக்குற?"

"ஐயோ, ஒளியல அத்தை! நோனா ரெண்டாம் கிளாஸ்ல ஏத்தி விட்டாங்க. அது அந்தக் கோடியில. பெட்டியத் தூக்கிக்கிட்டு நானும் அப்போதேருந்து கூப்புடுறேன். நீங்கதான் மூணாம் கிளாஸப் பாத்து அழுதுகிட்டு இருக்கீங்க!"

எங்கள் பிள்ளை இரண்டாம் வகுப்பில் வந்து இறங்குவாள் என்று நாற்பது பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு வந்த சிரிப்பை எப்படி எழுதுவது? அழுத கண்ணோடு, மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தார்கள். அமிர்தம் ஆரத்தி சுற்ற வந்தாள். தட்டில் தண்ணீர் இல்லை, எல்லாம் கொட்டிப்போயிருந்தது. குங்குமத்தை விரலால் வழித்து மகளின் நெற்றியில் வைத்தாள். "சாப்புட்டியா?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

செல்லையா கையை ஒருமுறை உதறிக்கொண்டான். பிறகு அடித்தான் ஒரு அடி. கல்யாணமும் இல்லை, சாமியும் இல்லை. எங்கிருந்து வந்ததோ தெரியாது. பதுளை பசார் வழியாக அந்த அடியோடு நடந்தோம். கடை வாசலில் நின்ற முஸ்லிம் நானா ஒருவர், "என்ன விசேஷம்?" என்றார்.

"எங்க புள்ள திரும்பி வந்துருச்சு நானா!"

"எங்க போயிருந்தது?"

"ஜெர்மனிக்கு!"

"அல்ஹம்துலில்லாஹ்," என்று உள்ளே போய், இரண்டு கை நிறையப் பேரீச்சம்பழம் அள்ளிவந்து சரோஜாவின் கோட்டுப் பையில் போட்டார்.

பஸ்ஸில் கேட்டது

பசறை பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இடம் அவளுக்குக் கிடைத்தது. மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்த சத்தத்தில் மெதுவாகக் கேட்டேன்.

"எங் கடிதம் கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சு."

"அப்புறம் ஏன்மா வந்த?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். கண்ணில் கோபம்.

"மூணு வரி எழுதியிருந்தீங்க. அதுல 'வந்துரு'ன்னு ஒரு வார்த்த இல்ல. எங்கப்பாவுக்கு நான் வேண்டாமான்னு நெனச்சேன். கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

மூன்று மாதமும் முருகனிடம் நான் என்ன கேட்டேன் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். 'போன இடத்தில் அவளை நல்லா வை' என்றுதான் ஒவ்வொரு வெள்ளியும் கேட்டிருக்கிறேன். திருப்பித் தா என்று ஒருநாளும் கேட்கவில்லை. போனவர்களுக்காக எங்கள் ஆட்கள் வேண்டிக்கொள்வதே அப்படித்தான். அதற்கு மேல் கேட்கலாம் என்று எங்களுக்குத் தெரியாது.

"வேணும்மா," என்றேன். "வேணாம்னா எழுதினேன்? கேக்கத் தெரியல."

அவள் கோட்டுப் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள். அவ்வளவுதான். திரும்ப ஜன்னலைப் பார்த்தாள்.

மறுநாள் பெரட்டு

ஓய்வெடு என்று எல்லாரும் சொன்னோம். கேட்கவில்லை. கூட்டாளிகள் எல்லாம் மலையில்தானே என்றாள். பனி மூட்டத்தில், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் ஸ்டோருக்குப் போகிற பாதையில் இருந்தேன். பேர் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு செடி நிரை பிரித்து முடிகிற நேரத்தில் சரோஜா கூடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

கங்காணி ஆறுமுகம் முந்தின நாள் ஸ்டேஷனில் எல்லாருக்கும் மேலாக அழுதவர். இப்போது பிடித்துக்கொண்டார்.

"ஏ சரோஜா! இதென்ன நேரம்? ஜெர்மனியில வெயில் வந்தப்புறந்தான் பெரட்டா?"

"அஞ்சு நிமிசந்தானே கங்காணியய்யா."

"அஞ்சு நிமிசத்துல அஞ்சு செடி கிள்ளலாம்! நூல்ல கட்டி வச்சதில்ல இது, செடியில மொளச்சது! போ, கடேசி நெரையப் புடி! ரெண்டு அட்டை கடிச்சாத்தான் ஒனக்குப் பழைய ஞாபகம் வரும்!"

"நெரைக்கு நாலு அட்டை விடுங்க, பாத்துக்கிறேன்!" என்று கத்திக்கொண்டே அவள் பள்ளத்துப் பக்கம் இறங்கினாள். பெண்கள் கூவிச் சிரித்தார்கள். கங்காணி விடவில்லை. அவள் பனிக்குள் மறைந்த பிறகும் ஏசிக்கொண்டே இருந்தார்.

நான் அவர் ஏசி முடிக்கும்வரை அசையாமல் நின்று கேட்டேன். அன்றைக்கு ஸ்டோருக்கு நானும் பிந்தித்தான் போனேன்.